மாணவரா, பணியாளரா? இந்திய மருத்துவமனைகளில் பயிற்சிக் காலத்தின் இரு நூற்றாண்டுகள்

1860-ஆம் ஆண்டு ஆகஸ்டு 21 அன்று வட சீனக் கடற்கரையிலிருந்த தாக்கு கோட்டைகளைப் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் கூட்டாகத் தாக்கின. இரண்டாம் அபினிப் போரின் இறுதிக் கட்டம் அது. பிரிட்டிஷாரின் 67-ஆம் ரெஜிமென்ட் கோட்டையிலிருந்து 500 கஜத் தொலைவுக்குள் நிலைகொண்டிருந்தபோது, டோலி தூக்குபவர் ஒருவர் காயமுற்று வீழ்ந்தார். அவருக்குக் கட்டுப்போடும்படி ஒரு சிறுவன் பணிக்கப்பட்டான். மறைவிடத்தை விட்டு வெளியே வந்து, கடும் குண்டுவீச்சுக்கு நடுவே அவன் அந்தப் பணியை முடித்தான். படை முன்னேறத் தொடங்கியதும், காயமுற்றுக் கிடந்த இன்னொருவரை நோக்கித் திறந்தவெளியில் ஓடினான்; அப்போது தானும் படுகாயமுற்றான். அவன் பெயர் ஆர்தர் ஃபிட்ஸ்கிப்பன். குஜராத்தில் பிறந்தவன்; அன்று அவன் வயது 15 ஆண்டும் 3 மாதமும். பிரிட்டிஷ் பேரரசின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா சிலுவையைப் பெற்றவர்களுள் மிக இளையோர் இருவரில் அவனும் ஒருவன்.

படைத்துறை வரலாறு ஃபிட்ஸ்கிப்பனை நன்கு நினைவில் வைத்திருக்கிறது. மருத்துவக் கல்வியின் வரலாற்றில் அவனுக்கு இடமில்லை. ஆனால் விருதுக் குறிப்பில் அவன் பெயருக்கு முன் நிற்கும் பதவிப்பெயரைச் சற்று நின்று படிக்க வேண்டும். அவன் சிப்பாய் அல்லன், மருத்துவனும் அல்லன். அவன் ஒரு 'ஹாஸ்பிட்டல் அப்ரெண்டிஸ்'. மருத்துவமனையில் வேலை பழகும் பையன் என்று பொருள். பதினைந்து வயதில், ஒரு கல்லூரிக்குள்ளும் காலெடுத்து வைக்காமல், போர்க்களத்தில் நின்று அவன் கற்றுக்கொண்டிருந்தான். கற்றுக்கொண்டிருந்தான் என்பதா, உழைத்துக்கொண்டிருந்தான் என்பதா? இந்தியாவில் மருத்துவமனைப் பயிற்சியின் வரலாறு முழுவதும் இந்தக் கேள்வியின் மீதே நடந்து வந்திருக்கிறது. இன்றும் அது தீரவில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இங்கிலாந்திலிருந்து வந்த சர்ஜன்கள் போதவில்லை; அவர்களுக்கான செலவும் மிகுதி. மருந்து கலக்கவும், புண் கழுவிக் கட்டவும், இரவில் நோயாளிக்குக் காவலிருக்கவும் மலிவான கைகள் தேவைப்பட்டன. 1812-இல் வங்காளத்தில் ஓர் ஏற்பாடு செய்யப்பட்டது. ஐரோப்பியப் படைவீரர்களின் பிள்ளைகளும் ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைகளும் வளர்ந்த அநாதைப் பள்ளிகளிலிருந்து பதினான்கு, பதினைந்து வயதுச் சிறுவர்களைத் தெரிந்தெடுத்து, மருத்துவமனைகளில் வேலைக்கும் பயிற்சிக்குமாகச் சேர்த்தனர். கம்பவுண்டர், டிரஸ்ஸர் என்று தொடங்கி அப்போதிக்கரி நிலை வரை அவர்கள் உயரலாம். அதற்கு மேல் கதவு அடைத்திருந்தது. ஃபிட்ஸ்கிப்பனும் பின்னாளில் அப்போதிக்கரி ஆனான். சென்னையில் 1835 பிப்ரவரியில் பொது மருத்துவமனையை ஒட்டித் தொடங்கப்பட்ட மருத்துவப் பள்ளியும் இத்தகைய அப்ரெண்டிஸ்களைப் பயிற்றுவிக்கும் நோக்கத்திலேயே பிறந்தது. 1850-இல்தான் அது கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது.

இந்தியரைப் பொறுத்தவரை, ஐரோப்பிய மருத்துவத்தில் முறையான பயிற்சி 1822-இல் கல்கத்தாவில் தொடங்கிய 'நேட்டிவ் மெடிக்கல் இன்ஸ்டிடியூஷன்' வழியாக வந்தது. முதலில் இருபது மாணவர்கள். பாடம் ஹிந்துஸ்தானியில் நடந்தது. அதன் தலைவர்களில் ஒருவரான பீட்டர் பிரெட்டன் உடற்கூறு, மருந்துகள் குறித்த சிறு நூல்களை இந்திய மொழிகளில் ஆக்குவித்தார். அடுத்து வந்த ஜான் டைட்லர் அரபியிலும் சமஸ்கிருதத்திலும் ஈடுபாடு கொண்டவர். நகரின் மருத்துவமனைகளுக்கும் மருந்தகங்களுக்கும் மாணவர்களை அனுப்பி, அங்கே நோயாளிகளைக் கவனிக்கச் செய்வது அந்தப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது. பயிற்சி முடித்தோர் 'நேட்டிவ் டாக்டர்' என்ற பெயரில் படைப்பிரிவுகளுக்கும் மாவட்டங்களுக்கும் சென்றனர்.

பெண்டிங்க் பிரபு நியமித்த குழு இந்நிறுவனத்தை ஆராய்ந்து கண்ட பெருங்குறை, மனித உடலை அறுத்துக் கற்பிக்கவில்லை என்பது. 1835 ஜனவரி 28-ஆம் நாள் ஆணையால் அது மூடப்பட்டது. சமஸ்கிருதக் கல்லூரியிலும் மதரசாவிலும் நடந்துவந்த மருத்துவ வகுப்புகளும் அதே ஆணையால் முடிவுக்கு வந்தன. ஆங்கிலத்தில் கற்பிக்கும் கல்கத்தா மருத்துவக் கல்லூரி பிறந்தது. நூறு பேருக்குத் தேர்வு வைத்து 49 பேரைச் சேர்த்தார்கள். பதினான்கு முதல் இருபது வயது வரை உள்ளவர்கள்; மாதம் 7 முதல் 12 ரூபாய் வரை உதவித்தொகை.

இதற்குப் பின் நடந்ததை வங்கத்துப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். 1836-இல் மதுசூதன் குப்தா என்னும் வைத்திய குலத்தவர் மனித உடலைத் தம் கையால் அறுத்தார். நாள் ஜனவரி 10-ஆ, அக்டோபர் 28-ஆ என்பதில் ஆய்வாளர் கருத்து ஒன்றுபடவில்லை. அந்நிகழ்வைக் கொண்டாடக் கோட்டையில் பீரங்கி முழங்கியது என்ற கதைக்கு இருக்கும் புகழ் அதற்கான சான்றுகளுக்கு இல்லை. எப்படியாயினும், தீட்டின் எல்லையைத் தாண்டிய அந்தக் கத்தி இந்திய நவீன மருத்துவத்தின் தொடக்கச் சின்னமாக நிலைத்துவிட்டது. ஆனால் இந்தச் சின்னம் ஒன்றை மறைக்கிறது. கல்லூரி திறந்தபோது அதற்கென ஒரு மருத்துவமனை இல்லை. இறந்தவர் உடல் கிடைத்தது. உயிருள்ள நோயாளி கிடைக்கவில்லை. பொது மருத்துவமனைக்கும், 1790-களில் நிறுவப்பட்ட நேட்டிவ் ஹாஸ்பிட்டலுக்கும் மாணவர்கள் சென்றுவர வேண்டியிருந்தது. 1838-இல்தான் கல்லூரியை ஒட்டிச் சில படுக்கைகள் கொண்ட சிறு மருத்துவமனை திறக்கப்பட்டது. 1840-இல் பேறுகால மருத்துவமனை வந்தது. மோதிலால் சீல் என்னும் வணிகர் வழங்கிய நிலத்தில் எழுந்த பெரிய மருத்துவமனை 1852 டிசம்பரில்தான் நோயாளிகளை ஏற்றது. கல்லூரிக்கும் அதற்கும் இடையே பதினேழு ஆண்டுகள்.

1838-இல் இறுதித் தேர்வில் வென்ற உமாசரண் சேட், துவாரகாநாத் குப்தா, ராஜகிருஷ்ண தே, நவீன் சந்திர மித்ரா முதலியோர் இந்த இடைவெளியில் படித்தவர்கள். சப்-அசிஸ்டன்ட் சர்ஜன்களாக வெளியூர் மருந்தகங்களுக்கு அனுப்பப்பட்டனர். உடற்கூறும் வேதியியலும் திடமாகக் கற்றிருந்த இளைஞர்கள், ஒரு மாவட்டத்தின் வாந்திபேதிக்கும் காய்ச்சலுக்கும் தனியே முகங்கொடுத்தனர். தாய்மொழிப் பள்ளி அறிவியலில் பின்தங்கியது என்று மூடப்பட்டது. அதன் வழித்தோன்றலோ படுக்கையருகே கற்பிப்பதில் பின்தங்கித் தொடங்கியது. இந்த முரணை அக்காலத்து ஆட்சியாளரும் உணராமலில்லை. 1839-இல் அதே கல்லூரிக்குள் ஹிந்துஸ்தானி வகுப்பு ஒன்றும், 1852-இல் வங்காள வகுப்பு ஒன்றும் மீண்டும் தொடங்கப்பட்டன. முன்வாசலில் வெளியேற்றப்பட்ட தாய்மொழிக் கல்வி பின்வாசல் வழியே, குறைந்த ஊதியத்துக்கும் தாழ்ந்த பதவிக்கும் உரியதாய், உள்ளே வந்தது.

பம்பாயில் வேறு வகையாகச் சிந்தித்தார்கள். அங்கே கல்லூரியும் மருத்துவமனையும் ஒரே கருத்தின் இரு பாதிகளாகத் திட்டமிடப்பட்டன. ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் ஒரு லட்சம் ரூபாய் வழங்க, கம்பெனி அதற்கு ஈடாக ஒரு லட்சம் தந்தது. 1845-இல் ஜே.ஜே. மருத்துவமனையும் கிராண்ட் மருத்துவக் கல்லூரியும் பக்கத்துப் பக்கத்தில் திறக்கப்பட்டன. முதல் முதல்வர் சார்லஸ் மோர்ஹெட் எடின்பரோவில் பயின்றவர். நோயாளியின் படுக்கையே மருத்துவ மாணவனின் வகுப்பறை என்பதில் அவருக்கு உறுதி இருந்தது. மாணவர்கள் வார்டுகளில் எழுத்தர்களாகவும் டிரஸ்ஸர்களாகவும் அமர்த்தப்பட்டனர். நோயாளி எங்கிருந்து வந்தார், என்ன தொழில், நோய் என்றைக்குத் தொடங்கியது, நாடி எப்படி, நாக்கு எப்படி, முந்தைய இரவு உறக்கம் வந்ததா என்று நாள்தோறும் குறிப்பெழுதினர். காய்ச்சல் அளக்கும் கையடக்கக் கருவி அன்று பழக்கத்துக்கு வரவில்லை. அது 1860-களின் பிற்பகுதியில்தான் பரவத் தொடங்கியது. தொட்டும் கேட்டும் பார்த்தும் அறிந்ததை எழுத்தில் பிடித்து வைப்பதே பயிற்சி. 1856-இல் இரண்டு தொகுதிகளாக மோர்ஹெட் வெளியிட்ட, இந்தியாவில் நோய்கள் பற்றிய ஆய்வு நூல், அம்மருத்துவமனையில் சேர்ந்த குறிப்புகளை அடித்தளமாகக் கொண்டது.

இந்தக் குறிப்பேடுகளில் ஒரு நுட்பமான உழைப்பு ஒளிந்திருக்கிறது. பம்பாயின் நோயாளி மராட்டியில், குஜராத்தியில், ஹிந்துஸ்தானியில், கொங்கணியில் தன் வலியைச் சொன்னார். குறிப்பு ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. இடையே நின்றவர் மாணவர். 'உள்ளே எரிகிறது' என்றும் 'காற்று ஏறிக்கொண்டது' என்றும் சொல்லப்படுவதை ஆங்கில மருத்துவத்தின் எந்தச் சொல்லுக்குள் அடைப்பது என்ற முடிவை, பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுடைய ஓர் இளைஞர் எடுத்தார். 1851-இல் வெளிவந்த முதல் பட்டதாரிகளில் ஒருவரான பாவ் தாஜி, பின்னாளில் கல்வெட்டும் நாணயமும் படிக்கும் அறிஞராகவும் புகழ்பெற்றார். ஒரு மொழியின் அடையாளங்களை இன்னொரு மொழியில் பொருள்கொள்ளும் பழக்கம் அவருக்கு வார்டிலேயே வாய்த்திருக்கலாம் என்று எண்ணத் தோன்றுகிறது. அது எண்ணம்தான், நிறுவத்தக்கதன்று.

பெண்கள் வந்தபோது மருத்துவமனைப் பயிற்சி வேறொரு சோதனைக்கு உள்ளாயிற்று. காதம்பினி கங்குலியின் பெயர் இன்று பரவலாக அறியப்பட்டது. 1886-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரியிலிருந்து வெளிவந்தவர். அதன் பின் எடின்பரோ சென்று மேலும் தகுதிகள் பெற்றவர். அவரைவிடக் குறைவாக அறியப்பட்டவரும், பயிற்சிக் காலத்தின் உள்முகத்தை அதிகம் காட்டுபவருமான இன்னொருவர் ஹைமவதி சென்.

ஹைமவதி குழந்தைப் பருவத்தில் மணம் செய்விக்கப்பட்டு, பத்து வயதளவில் கைம்பெண்ணானவர். படிப்பின் மீதிருந்த தீராத வேட்கையோடு காசிக்கும் கல்கத்தாவுக்கும் அலைந்து, பிரம்ம சமாஜத்தாரின் உதவியால் மறுமணம் செய்துகொண்டார். கணவருக்கு ஆன்மிகத்தில் இருந்த நாட்டம் வருவாயில் இல்லை. 1891-இல் அவர் சியால்தாவிலிருந்த கேம்ப்பெல் மருத்துவப் பள்ளியில் சேர்ந்தார். முன்னர்ச் சொன்ன வங்காள வகுப்பு 1873-இல் இடம்பெயர்ந்து உருவான பள்ளி அது. அருகிலிருந்த கேம்ப்பெல் மருத்துவமனை நகரத்து ஏழைகளுக்கானது. 1888 முதல் அங்கே பெண்களையும் சேர்த்தனர். ஆங்கிலமும் பட்டமும் இல்லாமல், வங்காளத்தில் பயின்று, 'தாய்மொழி உரிமம்' பெற்ற மருத்துவராக வெளிவரும் வழி. பட்டதாரிகள் அதைக் கீழ்நோக்கிப் பார்த்தார்கள். ஆயினும் அதே பள்ளியில் தொடங்கிய நீல்ரதன் சர்க்கார் பின்னாளில் இந்தியாவின் தலைசிறந்த மருத்துவர்களுள் ஒருவரானார். அப்பள்ளியின் இன்றைய வடிவமான கல்லூரி அவர் பெயரையே தாங்குகிறது.

வீட்டில் சமையல், கைக்குழந்தை, கடன். மருத்துவமனையில் வார்டும் வகுப்பும். இவற்றுக்கிடையே படித்த ஹைமவதி 1894-இல் இறுதித் தேர்வில் முதலிடம் பெற்றார். மரபுப்படி தங்கப் பதக்கம் அவருக்கு உரியது. ஆண் மாணவர்கள் கொதித்தெழுந்தனர். வகுப்புகளைப் புறக்கணித்துக் கலகம் செய்தனர். ஒரு பெண், அதுவும் தங்களைப் போலவே தாழ்ந்த படிநிலையில் வைக்கப்பட்டிருந்த பள்ளியில், தங்களை முந்துவதை அவர்களால் பொறுக்க முடியவில்லை. செய்தி அரசின் மேல்மட்டம் வரை சென்றது. முடிவில் ஹைமவதியிடமே விட்டுக்கொடுக்குமாறு கேட்டனர். தங்கம் ஆண் மாணவருக்குச் சென்றது. ஹைமவதிக்கு வெள்ளிப் பதக்கங்களும் ஓர் உதவித்தொகையும். வீட்டில் அடுப்பெரிய அந்தத் தொகை தேவைப்பட்டது. அவர் ஏற்றுக்கொண்டார்.

பின்னர் ஹூக்ளிக் கரையிலுள்ள சின்சுராவில், டஃப்ரின் சீமாட்டி பெயரால் அமைந்த பெண்கள் மருத்துவமனையின் பொறுப்பை ஏற்றார். அங்கே மேலதிகாரிகளாயிருந்த ஆண் மருத்துவர்களிடமிருந்து பட்ட தொல்லைகளை, பாலியல் அத்துமீறல் உட்பட, தம் நினைவுக் குறிப்புகளில் மறைக்காமல் எழுதினார். வங்காளத்தில் எழுதப்பட்ட அக்கையெழுத்துப் படி அவர் 1933-இல் மறைந்த பின்னும் பல பத்தாண்டுகள் குடும்பத்தாரிடமே கிடந்தது. தபன் ராய்சௌதுரியின் மொழிபெயர்ப்பிலும் ஜெரால்டின் ஃபோர்ப்ஸின் பதிப்பிலும் ஆங்கிலத்தில் வெளிவந்த பிறகே உலகம் அறிந்தது. காலனிய மருத்துவக் கல்வியின் அறிக்கைகள் மாணவர் எண்ணிக்கையையும் தேர்ச்சி விகிதத்தையும் சொல்லும். வார்டில் நின்ற ஒரு பெண்ணுக்கு என்ன நேர்ந்தது என்பதை அவை சொல்வதில்லை. அதற்கு இத்தகைய ஒரு நோட்டுப்புத்தகம் தப்பிப் பிழைத்திருக்க வேண்டியிருக்கிறது.

'ஹவுஸ் சர்ஜன்' என்னும் பதவி இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய மருத்துவமனைகளில் நிலைபெற்றது. மருத்துவமனை வளாகத்திலேயே தங்கி, இரவு பகலாக வார்டைக் கவனிக்கும் இளம் மருத்துவர் என்பது அதன் பொருள். தேர்ந்தவர் சிலருக்கே அது கிடைத்தது. சென்னையில் 1912-இல் தேறிய முத்துலட்சுமி ரெட்டி, அரசுப் பேறுகால, கண் மருத்துவமனையின் முதல் பெண் ஹவுஸ் சர்ஜனாகப் பணியாற்றினார். அன்று அது ஒரு சிறப்பு. எல்லோருக்கும் உரிய கடமையாக அது மாறியது விடுதலைக்குப் பின்.

அந்த மாற்றத்தின் வேர் 1943-இல் அமைந்து 1946-இல் அறிக்கை தந்த ஜோசப் போர் குழுவில் இருக்கிறது. குழு கண்ட நிலைமை இதுதான்: 6,300 மக்களுக்கு ஒரு மருத்துவர், 43,000 மக்களுக்கு ஒரு செவிலியர். பதிவுபெற்ற மருத்துவர்களில் 17,654 பேர் பட்டதாரிகள். 29,870 பேர் ஹைமவதியைப் போன்ற உரிமம் பெற்றோர். இரு தரத்து மருத்துவர்கள் என்ற முறை ஒழிய வேண்டும், ஒரே வகையான 'அடிப்படை மருத்துவர்' உருவாக வேண்டும் என்று குழுவின் பெரும்பான்மை முடிவு செய்தது. ஊர்ப்புறத்துக்கு இப்போதைக்கு உரிமம் பெற்றோரே போய்ச்சேருவர், அவர்களை நிறுத்திவிடாதீர்கள் என்று உறுப்பினர் சிலர் மாற்றுக் கருத்து எழுதி வைத்தனர். பின்னோக்கிப் பார்க்கையில், சமத்துவத்தின் பெயரால் பெரும்பான்மை சொன்னது நியாயம். நடைமுறையின் பெயரால் சிறுபான்மை அஞ்சியது நடந்தது. உரிமப் பள்ளிகள் கல்லூரிகளாயின, அல்லது மூடப்பட்டன. ஊர்களில் அவர்கள் விட்டுச்சென்ற வெற்றிடம் நெடுங்காலம் நிரம்பவில்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பும் கருவியாகப் பயிற்சி மருத்துவர் மெல்ல மெல்ல ஆக்கப்பட்டார். மருத்துவம் சமூகத்துக்கானது என்ற நோக்கில், நோய்த்தடுப்பிலும் சமூக மருத்துவத்திலும் மூன்று மாதப் பயிற்சியைப் போர் குழு பரிந்துரைத்தது. 1952 முதல் ஆரம்ப சுகாதார நிலையங்கள் எழத் தொடங்கின. 1975-இல் ஸ்ரீவத்ஸவ் குழு மருத்துவக் கல்வியை ஊரை நோக்கித் திருப்பச் சொன்னது. 1977-இல் ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் மூன்று ஊராட்சி ஒன்றியங்களின் நலப்பணிக்குப் பொறுப்பேற்கும் திட்டம் வந்தது. ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட காரணம் கல்வி: நோயாளியை அவர் வாழும் இடத்தில் பார்க்காத மருத்துவர் முழுமையற்றவர். சொல்லப்படாத காரணம், அந்த இடங்களில் வேறு மருத்துவர் இல்லை. முதல் காரணம் பொய்யென்று கூற முடியாது. கற்பிக்க மூத்தவர் எவரும் இல்லாத இடத்துக்கு ஒருவரைக் கற்கச் சொல்லி அனுப்பும்போது, முதல் காரணத்தின் மீது இரண்டாவது ஏறி அமர்ந்துவிடுகிறது.

இன்றைய விதிகளின்படி நாலரை ஆண்டுப் படிப்பை முடித்து இறுதித் தேர்வில் தேறியவர், தற்காலிகப் பதிவோடு 12 மாதச் சுழற்சிப் பயிற்சியை முடித்தாக வேண்டும். தமிழ்நாட்டில் இவர்களைச் 'சி.ஆர்.ஆர்.ஐ.' என்றும், பழைய வழக்கப்படி 'ஹவுஸ் சர்ஜன்' என்றும் அழைப்பர். 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகள் சமூக மருத்துவத்துக்கு 12 வாரங்களும், மனநல மருத்துவத்துக்கு 2 வாரங்களும் ஒதுக்குகின்றன. எந்தெந்தத் திறனைத் தனியே செய்ய வேண்டும், எதை மேற்பார்வையில் செய்ய வேண்டும் என்றும் பட்டியலிடுகின்றன. குறிப்பேட்டில் மூத்தவர் கையொப்பமிட வேண்டும். ஏட்டில் இது மோர்ஹெட்டின் வார்டுக்கு உண்மையான வாரிசு.

வார்டில் நிலைமை வேறு. ரத்த மாதிரி எடுத்தல், அதை ஆய்வகத்துக்குக் கொண்டு ஓடுதல், ட்ரிப் மாற்றுதல், ரத்த வங்கியில் காத்து நிற்றல், ஆள் இல்லாத வேளையில் ஸ்ட்ரெச்சர் தள்ளுதல், வீடு திரும்புவோருக்குச் சுருக்கம் எழுதுதல். இவற்றில் சில கற்க வேண்டியவையே. ஊசி ஏற்றத் தெரியாத மருத்துவரை யாரும் விரும்பமாட்டார்கள். நூறாவது முறை ஆய்வகத்துக்கு ஓடும்போது கற்பதற்கு என்ன மிச்சமிருக்கிறது என்பது வேறு கேள்வி. இதற்கிடையே முதுநிலை நுழைவுத் தேர்வு அந்த ஓராண்டை உள்ளிருந்து அரித்துவிட்டது. நோயாளியிடம் அமர்ந்து கதை கேட்க வேண்டிய மாலையில், பயிற்சி மருத்துவர் கைப்பேசியில் வினாவிடைகளைப் புரட்டுகிறார். அவரைக் குறை சொல்லவும் இயலாது. அவருடைய எதிர்காலத்தை முடிவு செய்வது குறிப்பேட்டிலுள்ள கையொப்பமன்று, அந்தத் தேர்வின் தரவரிசை.

2021 மே 3 அன்று, கோவிட் இரண்டாம் அலையின் உச்சத்தில், நடுவண் அரசு அந்தத் தேர்வையே குறைந்தது நான்கு மாதங்களுக்குத் தள்ளிவைத்தது. பயிற்சி மருத்துவர்களைப் பேராசிரியர்களின் மேற்பார்வையில் கோவிட் பணியில் ஈடுபடுத்தலாம் என்றது. இறுதியாண்டு மாணவர்களைத் தொலைபேசி ஆலோசனைக்கும், நோய் முற்றாதவர்களைக் கண்காணிக்கவும் பயன்படுத்தலாம் என்றது. 100 நாள் பணி முடித்தோருக்கு அரசு வேலைவாய்ப்பில் முன்னுரிமையும் அறிவித்தது. முகக்கவசத்துக்குள் வியர்த்து, படுக்கை கேட்டு வந்தவர்களுக்கு இல்லையென்று சொல்லும் வேலையையும் அந்த இளைஞர்களில் பலர் செய்தனர். ஒரு பேரிடர் வந்தபோது அவர்கள் மாணவர்களா பணியாளர்களா என்று எவரும் கேட்கவில்லை.

ஊதியம் என்று வந்ததும் அந்தக் கேள்வி திரும்பி வருகிறது. பயிற்சி மருத்துவருக்கு உதவித்தொகை தர வேண்டும் என்று 2021 விதிகள் சொல்கின்றன. எவ்வளவு என்பதை உரிய அதிகாரிகளின் முடிவுக்கு விட்டுவிட்டன. மாநிலத்துக்கு மாநிலம், அரசுக் கல்லூரிக்கும் தனியார் கல்லூரிக்கும் இடையே, தொகை பெரிதும் வேறுபடுகிறது. சில இடங்களில் தொகையே இல்லை. 2023-இல் டெல்லியிலுள்ள ஒரு மருத்துவக் கல்லூரியின் பயிற்சி மருத்துவர்கள் உச்ச நீதிமன்றத்தை அணுக, மாதம் 25,000 ரூபாய் வழங்குமாறு நீதிமன்றம் ஆணையிட வேண்டியிருந்தது. 1835-இல் கல்கத்தா மாணவர்களுக்கு 7 ரூபாயாவது கேட்காமலே கிடைத்தது.

பணி நேரத்தின் கதையும் இத்தகையதே. ரெசிடென்ட் மருத்துவர்களுக்கு நாளொன்றுக்கு 12 மணிநேரத் தொடர்பணி, வாரத்துக்கு 48 மணிநேரம் என்ற வரையறையை நடுவண் அரசு 1992-இலேயே வகுத்துவிட்டது. 2024 ஆகஸ்டு 9 அன்று கல்கத்தாவில், ஹைமவதி சென் படித்த சியால்தாவிலிருந்து நெடுந்தொலைவில் இல்லாத ஆர்.ஜி. கர் மருத்துவக் கல்லூரியில், 31 வயதுடைய முதுநிலைப் பயிற்சி மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமை செய்யப்பட்டுக் கொல்லப்பட்டுக் கிடந்தார். 36 மணிநேரப் பணிக்கு நடுவே சற்று ஓய்வெடுக்கப் போயிருந்தார் என்று செய்திகள் கூறின. நாடெங்கும் பயிற்சி மருத்துவர்கள் வீதிக்கு வந்தார்கள். ஆகஸ்டு 20 அன்று தேசியப் பணிக்குழுவை அமைத்த உச்ச நீதிமன்றம், இரவுப் பணியில் இருப்போருக்கு முறையான ஓய்வறைகள் இல்லாததையும், இருக்கும் சிலவற்றிலும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம் இல்லாததையும் தன் ஆணையில் பதிவு செய்தது. அவர் கண்ணயர்ந்த இடம் நெஞ்சக நோய்த் துறையின் கருத்தரங்கக் கூடம். பகலில் அங்கேதான் பயிற்சி மருத்துவர்களுக்கு வகுப்புகள் நடந்தன.